உணவு பற்றி எழுதியே பிழைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடங்களாக ஓய்வு நேரத்தில் உணவு, வீடு, வாழ்க்கை முறை பற்றி எழுதி வருகிறேன். நான்கு கட்டுரைகள் வெளியாகியிருக்கின்றன, இரண்டுக்குப் பணம் வந்தது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளராகிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஆசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. ஒரு உணவகத்திலிருந்து, "குடும்பத்தோடு வந்து சாப்பிடுங்கள், செலவு எங்களுடையது, நல்லபடியாக நாலு வரி எழுதுங்கள்" என்கிறார்கள். போகலாமா? முறையாகச் சமையல் படிக்காதது குறையா? பிடித்த விஷயத்தைத் தொழிலாக்கினால் அந்தப் பிடிப்பே போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறை பற்றிய என் கட்டுரையை இணைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் வேண்டாம் என்றுவிட்டார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் உங்கள் கட்டுரையைத்தான் படித்தேன். அதன் ஆறாவது பத்தியில் ஒரு சமையல்காரம்மா வருகிறார். உப்பில்லாத சாப்பாட்டைத்தான் அவர் எப்போதும் முதலில் ருசி பார்க்கிறார். உப்புப் போட்டதை முதலில் வாயில் வைத்துவிட்டால், அப்புறம் உப்பில்லாததில் எது தூக்கல், எது குறைச்சல் என்று நாக்குக்குப் பிடிபடாது என்கிறார். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உள்ள ஐந்து பத்திகளில் ஆவி பறக்கும் அண்டாக்கள் இருக்கின்றன, மணம் இருக்கிறது, உணவே மருந்து என்ற வரியும் இருக்கிறது. அதையெல்லாம் அந்தச் சமையலறைக்குப் போகாமலேயே எழுதிவிடலாம். அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, கேட்டு, காத்திருந்து வாங்கி வந்த விவரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. வேண்டாம் என்ற மூன்று ஆசிரியர்களும் ஆறாவது பத்தி வரை வந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என் பதில் இதில்தான் இருக்கிறது. உணவுப் பத்திரிகையாளர் என்றால் ரசித்துச் சாப்பிடுகிறவர், அழகாக வர்ணிக்கிறவர் என்று ஒரு பிம்பம் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் நெடுநாள் நிலைத்து, மனநிறைவோடும் இருப்பவர்களைக் கவனித்தால் அவர்கள் முதலில் செய்தியாளர்களாக இருப்பார்கள். ருசி பார்ப்பது அவர்கள் வேலையில் சின்னப் பகுதி. பெரும்பகுதி விசாரிப்பது.

நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையில் 1936 முதல் உணவுப் பகுதியைக் கவனித்த கிளமென்டைன் பேடில்ஃபோர்ட், தானே சிறு விமானம் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று சாதாரண மக்களிடம் கேட்டு எழுதினார். இன்னொரு பக்கம் பாருங்கள். அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர், பொதுச்சேவைப் பிரிவில் 2016இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கடலுணவு பற்றிய புலனாய்வுக்குக் கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் மீன்பிடிப் படகுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் பிடித்த மீன், எந்தெந்தக் கைகள் மாறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேருகிறது என்று நான்கு பெண் செய்தியாளர்கள் பின்தொடர்ந்து போனார்கள். அந்தச் செய்திகளின் விளைவாக 2,000 பேருக்கும் மேல் விடுதலையானார்கள். அதுவும் உணவு பற்றிய எழுத்துதான். நீங்கள் நுழைய நினைக்கும் துறை அவ்வளவு அகலமானது. இன்றைக்குப் புதிதாகத் திறந்த உணவகம் எது என்பது அதில் ஒரு மூலை. எல்லோரும் போய் நிற்பதும் அந்த மூலையில்தான்.

சமையல் படிக்காதது குறையா என்கிறீர்கள். விமர்சனத்துக்கான புலிட்சர் விருதை முதன்முதலில் பெற்ற உணவக விமர்சகர் ஜொனாதன் கோல்ட். அது நடந்தது 2007இல். அவர் கல்லூரியில் படித்தது இசை. பத்திரிகையில் சேர்ந்தது பிழை திருத்துபவராக. பெரிய உணவகங்களை எல்லோரும் மொய்த்துக்கொண்டிருந்த காலத்தில், புலம்பெயர்ந்து வந்தவர்கள் நடத்தும் சின்னச் சின்னக் கடைகளைத் தேடிப் போய், அந்த மக்களோடு சேர்த்து ஒரு நகரத்தையே எழுதியவர். சமையல் படிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வழி அடைபடாது.

உங்களிடம் இருக்கும் ஒன்றை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதை ஏதோ விட்டுத் தொலைக்க வேண்டிய சுமை போலக் கடிதம் முழுக்கப் பேசியிருக்கிறீர்கள். உணவு பற்றி எழுதுகிறவர்களில் வரவு செலவு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மிகக் குறைவு. கூட்டம் அலைமோதிய உணவகம் ஏன் ஒரே வருடத்தில் மூடப்படுகிறது, வாடகையும் சம்பளமும் சரக்கு விலையும் ஒரு தட்டின் விலைக்குள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் எடுத்துக்கொள்ளும் கமிஷன் போக உணவகத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையெல்லாம் உங்களால் எழுத முடியும். நான் ஆசிரியராக இருந்த நாட்களில் இப்படி ஒருவர் வந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டேன். எல்லாவற்றையும் எழுதும் ஒருவரை ஆசிரியர்கள் மறந்துவிடுவார்கள். 'உணவுத் தொழிலின் கணக்கு வழக்கு தெரிந்தவர்' என்றால், அந்த மாதிரிச் செய்தி வரும்போது உங்கள் பெயர்தான் நினைவுக்கு வரும். முதல் இரண்டு மூன்று வருடம் அப்படி ஒரு குறுகலான பாதையில் போங்கள். பிறகு அகலப்படுத்திக்கொள்ளலாம்.

கற்றுக்கொண்டே ஆக வேண்டியவையும் இருக்கின்றன. சமையல் குறிப்பு எழுதுவதாக இருந்தால் அளவு முக்கியம். ஒரு கப் என்று எழுதுகிறோம். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர், மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. அதனால் கிராமில் எழுதப் பழகுங்கள். பொருட்களைப் பயன்படுத்தும் வரிசையிலேயே பட்டியலிடுங்கள். எத்தனை நிமிடம் என்பதோடு, அந்த நேரத்தில் பாத்திரத்தில் என்ன தெரிய வேண்டும் என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் அடுப்புக்கு அடுப்பு மாறும். நீங்கள் செய்து பார்த்தது போதாது, வேறொருவர் அவர் வீட்டில், உங்கள் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும்.

இன்னொருவர் எழுதிய குறிப்பை எடுத்தாண்டால் பெயரைச் சொல்லுங்கள். வெறும் பொருள் பட்டியலுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்கு உண்டு. சட்டம் விட்டுவிடுகிறது என்பதற்காக நாம் பெயரை மறைத்துவிடக் கூடாது.

அளவைவிடப் பெரியது பாதுகாப்பு. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்திலேயே நாள் கணக்கில் வைக்கச் சொல்லும் குறிப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் கிருமி வளர்ந்து நச்சை உண்டாக்கலாம். மணத்திலோ ருசியிலோ அது தெரியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் இதே கிருமியால்தான். உங்கள் வரியை நம்பி யாரோ ஒருவர் தன் வீட்டில் அதைச் செய்யப் போகிறார் என்ற நினைப்பு எழுதும்போதெல்லாம் இருக்க வேண்டும்.

விமர்சனத்திலும் அதே கவனம் தேவை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது உங்கள் கருத்து. 'கெட்டுப்போன மீனைப் பரிமாறினார்கள்' என்பது குற்றச்சாட்டு, ஆதாரம் வேண்டும். 'அங்கே சாப்பிட்டதால்தான் வயிறு கெட்டது' என்று எழுதவே எழுதாதீர்கள். உணவை நஞ்சாக்கும் கிருமிகள் பல, ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். சால்மோனெல்லா என்ற கிருமிக்கு 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மீது பழி போடுவது நம் இயல்பு, ஆனால் அது பல நேரம் தவறு.

அடுத்தது, பதில் வராத மின்னஞ்சல்கள். நீங்கள் அனுப்பியவற்றில் ஒன்றை நகலெடுத்து வைத்திருந்தீர்கள், நல்லதாய்ப் போயிற்று. 'மருத்துவமனை உணவு பற்றி ஒரு கட்டுரை எழுதலாமென்று இருக்கிறேன், உங்களுக்கு ஆர்வம் இருக்குமா?' என்று அதில் இருக்கிறது. அது ஒரு தலைப்பு. ஆசிரியர் தேடுவது கதையை. யாரைப் பற்றி, என்ன நடக்கிறது, ஏன் இப்போது, ஏன் நீங்கள் என்ற நான்குக்கும் பிட்ச்சில், அதாவது கட்டுரை யோசனையைச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில், பதில் இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உப்பில்லாத சாப்பாட்டையே முதலில் ருசி பார்க்கும் ஒரு சமையல்காரர், ஒரே வேளையில் பலவகை நோயாளிகளுக்கு வெவ்வேறு உணவு தயாரிக்கிறார். யார் தட்டில் எது போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், தட்டு மாறிப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை ஒரு முழு நாள் அந்தச் சமையலறையில் இருந்து எழுத விரும்புகிறேன். அந்தச் சமையல்காரரும் மருத்துவமனையின் உணவியல் நிபுணரும் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். 1,200 சொற்கள், மூன்று வாரத்தில் தர முடியும்."

இதோடு, வெளியான இரண்டு கட்டுரைகளின் இணைப்பு. அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

கட்டுரையையும் இன்னும் ஆழப்படுத்தலாம். விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளுக்கு மசித்த உணவு தருகிறார்கள் என்று ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பானங்களையும் உணவையும் அவற்றின் இளக்கத்தை வைத்து 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை ஒன்று உண்டு. அதில் பொடியாக நறுக்கி ஈரப்பதத்தோடு தரும் 5ஆம் நிலைக்குப் பெரியவர்களுக்கான உணவுத் துகள் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், அதை வைத்தே சரிபார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் சமையலறையில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். உணவுப் பக்கத்துக்கு அனுப்பித் திரும்பி வந்த கட்டுரை, உடல்நலப் பக்கத்தில் நன்றாகவே உட்காரும்.

காலக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அச்சில் வரும் மாத இதழ்கள் பல, நான்கு முதல் ஆறு மாதம் முன்பே திட்டமிடுகின்றன. கோடைக்காலக் கட்டுரையைக் கோடையில் அனுப்பினால் அது முடிந்துபோன கதை. நாளிதழும் இணைய இதழும் வேகமானவை. பதில் வராவிட்டால் பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அப்போதும் மௌனம் என்றால் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மௌனத்துக்கு 'நீ நன்றாக எழுதவில்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஆள் பற்றாக்குறைதான்.

சரி, உணவகத்தாரின் அழைப்புக்கு வருகிறேன். போகாதீர்கள்.

1957இல் நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதி ஆசிரியரானார் கிரெய்க் கிளேபோர்ன். விமர்சகர் தன்னை அறிவித்துக்கொள்ளாமல் போக வேண்டும், ஒரே இடத்துக்குப் பலமுறை போக வேண்டும், பில்லைப் பத்திரிகை கட்ட வேண்டும் என்ற நடைமுறை அவர் காலத்தில்தான் அங்கே வேரூன்றியது. அதே பத்திரிகையில் பின்னாளில் விமர்சகரான ரூத் ரைஷல், 1993இல் புகழ்பெற்ற ஒரு உணவகத்துக்கு மாறுவேடத்தில் சாதாரணப் பெண்ணாகவும் போனார், தன்னை அடையாளம் தெரிந்துகொள்ளும்படியும் போனார். இரண்டு தடவையும் கிடைத்த கவனிப்பில் இருந்த வித்தியாசத்தை அப்படியே எழுதினார். உங்களை அழைத்து உட்கார வைத்துப் பரிமாறும்போது, மற்றவர்களுக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காது. அதை வைத்து வாசகருக்கு என்ன சொல்ல முடியும்? ஓசிச் சாப்பாடு நல்ல மனதோடு தரப்பட்டிருந்தாலும் இதே பிரச்சினைதான்.

வாழ்க்கை முறைப் பக்கங்களில் இந்தச் சோதனை இன்னும் அதிகம். அழகுப் பொருள், வீட்டுச் சாமான், விடுதி, பயணம் என்று எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். சில பத்திரிகைகள் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லும், சில வாங்கினால் கட்டுரையில் குறிப்பிடச் சொல்லும். ஒவ்வொரு ஆசிரியரிடமும் விதி என்ன என்று முதலிலேயே கேளுங்கள். பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதியை, அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2009இல் வலைப்பதிவர்களுக்கும் நீட்டித்தது. இன்று பல நாடுகளில் இத்தகைய விதிகள் இருக்கின்றன. உணவகத்தாருக்கு மரியாதையாக இப்படிப் பதில் எழுதுங்கள்: "அழைப்புக்கு மிக்க நன்றி. எழுதும் இடங்களில் என் செலவில்தான் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறேன். உங்கள் சமையலறை பற்றிப் பேச வாய்ப்பிருந்தால், ஒருநாள் தலைமைச் சமையல்காரரைச் சந்திக்க வருகிறேன்." இதற்குக் கோபித்துக்கொள்கிறவர்கள் உங்களிடம் எதிர்பார்த்தது விளம்பரம்.

இதையொட்டியே பணத்தையும் பேசிவிடலாம், ஏனென்றால் ஓசியை மறுக்க வேண்டுமென்றால் கையில் காசு இருக்க வேண்டும். உணவக விமர்சனம் ஃப்ரீலான்ஸருக்குக் கட்டுப்படியாகிற வேலை கிடையாது. இரண்டு மூன்று முறை, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டால், எழுதிக் கிடைக்கும் தொகை பில்லுக்கே சரியாகிவிடும். செலவைப் பத்திரிகை ஏற்றால் மட்டும் எழுதுங்கள். வருமானம் தரும் வேலைகள் வேறு இருக்கின்றன: மனிதர்களைப் பற்றிய நீள்கட்டுரை, தொழில் சார்ந்த இதழ்களுக்கான செய்தி, சமையல் புத்தகங்களைச் செம்மைப்படுத்துவது, குறிப்புகளைச் சோதித்துத் தருவது, சமையல் கலைஞர்களுக்காக எழுதிக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதில் ஒரு எச்சரிக்கை: யாரிடம் பணம் வாங்கினீர்களோ அவரைப் பற்றிச் செய்தி எழுதக் கூடாது. அந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஆச்சரியமாக, கணக்குத் தெரிந்தவர்களும் சொந்த எழுத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. எழுதத் தொடங்கும் முன் தொகை, சொல் எண்ணிக்கை, தேதி, பணம் எப்போது வரும் ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடுத்தால், பிறகு அதே கட்டுரையை வேறு மொழிக்கோ தொகுப்புக்கோ தரலாம். எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்தால் முடியாது, அதற்குத் தக்கபடி தொகை அதிகமாக இருக்க வேண்டும். அவர்கள் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த கட்டுரையைக் கடைசியில் போடாமல் விட்டால், ஈடாக ஒரு பங்கு தர வேண்டும் என்றும் கேளுங்கள். பேசிய தொகையில் 25 சதவீதம் என்பது பரவலாக உள்ள அளவு. இலவசமாக எழுதச் சொல்லி, பெயர் வரும் என்பார்கள். உங்களுக்கு நான்கு கட்டுரை ஆகிவிட்டது, இனி அது வேண்டாம்.

பிடிப்பு போய்விடுமா என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போகும், ஒரே மாதிரி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால். 'சிறந்த பத்து' வகைப் பட்டியல்களை மாதம் முழுக்க எழுதுகிறவர் களைத்துப்போவார், அவருக்குச் சாப்பாடே அலுத்துவிடும். புதிதாக ஒருவரிடம் புதிதாக ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை மாதத்துக்கு ஒன்றாவது இருந்தால் அலுப்பு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. தொகை குறைவாக இருந்தாலும் அந்த ஒன்றை விடாதீர்கள். அப்புறம், குறிப்பெடுக்காமல், படமெடுக்காமல், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடும் வேளைகள் இருக்க வேண்டும். வேலைக்காகச் சாப்பிடும்போது ருசி பார்த்தால் போதும், தட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. தனிமையும் இந்த வேலையில் உண்டு. எழுதியதை அனுப்பும் முன் படித்துச் சொல்ல, இதே துறையில் இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். எழுதி வரும் பணம் தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் அடிப்படைச் செலவைத் தொட வேண்டும். கூடவே ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு தனியாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே உங்களைத் தேடி வேலை தரும் ஆசிரியர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும், ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரக் கூடாது. நடுவில் ஒரு பத்திரிகை மூடப்பட்டாலும், ஒரு ஆசிரியர் மாறினாலும் நீங்கள் விழாமல் இருக்க இவையெல்லாம் தேவை. அதுவரை முடிந்தால் வாரத்தில் ஒரு நாள் குறைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். பகல் நேரம் ஒன்று கிடைத்தால் பேட்டிகளுக்குப் பெரிய உதவி. அதற்கும் முன்னால், உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளியே எழுதிச் சம்பாதிப்பதற்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த கட்டுரை வெளிவருவதற்குள் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.